கேன் மூடி

ரெஜினா டீச்சரை முத்துக்கறுப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தது, மூன்று தொட்டிகளைச் சுமந்துகொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்ற அன்று.

"முந்நூறு குரோட்டன்ஸும் இப்படித்தான் டீச்சர். நாலு மாசமா ஒரு இலை விடல. குப்பைக் குழியில கொட்டிடவா?"

முத்துக்கறுப்பனுக்கு அறுபது வயது. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஓசூரில் செடி நர்சரி வைத்தவர். பள்ளியில் தாவரவியல் நடத்தும் டீச்சருக்கு முப்பத்தாறு. எந்த மருந்து அடித்தால் அழகுச் செடியில் இலை செழிக்கும் என்பதை டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டார்.

"செடி உயராம இருக்க அடிக்கிற குட்டை மருந்து எவ்வளவு ஊத்துனீங்க?"

"எப்பவும் போல குடத்துக்கு ஒரு மூடி."

"எந்த மூடி?"

"இந்தத் தடவை பெரிய கேனா வாங்கினேன். அந்த மூடி."

டீச்சர் சிரித்துவிட்டார். "அரை டிக்கெட், முழு டிக்கெட் தெரியாத கண்டக்டரா அண்ணே நீங்க?"

"சிரிக்காதீங்க. கண்காட்சிக்கு நாலே மாசம். இந்தச் செடிய நம்பித்தான் ஸ்டாலுக்குப் பேர் குடுத்திருக்கேன்."

"குட்டையா இருக்கணும்னீங்க. இருக்கு."

"நீட்டுற மருந்து ஒண்ணு சொன்னீங்களே, ஜிப்ரலிக். அதுல எவ்வளவு அடிக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சர் உள்ளே போய் அந்த மருந்தையும் தெளிப்பானையும் எடுத்து வந்தார். முதல் தொட்டிக்கு வெறும் தண்ணீர் அடித்தார். இரண்டாவதற்குக் கொஞ்சம் மருந்து. மூன்றாவதற்கு நிறைய. அளவைத் தொட்டிமேல் சாக்பீஸால் எழுதினார்.

"இதுல எது சரி?"

"என்னை ஏன் கேக்குறீங்க?"

முத்துக்கறுப்பன் கோபத்தில் சொல்லிக்கொள்ளாமலே தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார்.

கல்லறையிலிருந்து திரும்பிய முத்துக்கறுப்பன் நர்சரித் தரையில் அப்படியே உட்கார்ந்தார். இனி யாரைக் கேட்பது?

எதிரே மூன்று தொட்டிகள்.

தண்ணீர்ச் செடி அசையவே இல்லை. நிறைய மருந்து குடித்தது ஒல்லிக்குச்சியாக நீண்டு வெளிறிக் கிடந்தது. நடுச்செடியின் நுனியில் நான்கு புது இலை. சிவப்பும் மஞ்சளுமாக.

அவர் எழுந்தார். கேன் மூடியைத் தூக்கி எறிந்தார். அளவுக் குவளையைத் தேடி எடுத்தார்.

கண்காட்சியில் முதல் பரிசு அவர் ஸ்டாலுக்கு. பக்கத்து ஸ்டால்காரர் வாயைப் பிளந்தார்.

"யோவ் கண்டக்டர், குழியில கொட்டப் போறேன்னு பொலம்புனியே, அந்தச் செடியா இது?"

"அதேதான்யா!"

லாரியில் வந்த அத்தனை தொட்டியிலும் இலை மண்ணை மறைத்திருந்தது.