வரிநாயும் காட்டுப்பன்றியும்

ஜப்பான் தேசத்தில் முன்னொரு காலத்தில் காய் என்று ஒரு மலைநாடு இருந்தது. பெயரைக் கேட்டு நம் சந்தையில் கூறு கட்டி விற்கும் காயை நினைத்துவிட வேண்டாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிகிற சீமை அது. அங்கே ஒரு சரிவில் கிஹாச்சி என்ற வேட்டைக்காரனும் அவன் மனைவி நூயியும் வாழ்ந்தார்கள்.

பனி உருகும் சமயத்தில் அவர்கள் வீட்டு நாய் குட்டி போட்டது. அவற்றில் ஒன்றுதான் பிழைத்தது. உடம்பெல்லாம் ஒரே கறுப்பு. அதனால் சுமி என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பேச்சில் சுமி என்றால் கரி. குட்டி பால் மறந்த கொஞ்ச நாளில் தாய்நாய் காட்டுக்குள் போனது, திரும்பி வரவில்லை. கிஹாச்சி தேடிப் போய் வெறுங்கையோடு வந்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

சுமி வளர்ந்தது. காது முக்கோணமாக நிமிர்ந்தது. வால் முதுகின்மேல் அரிவாள் மாதிரி வளைந்தது. அப்புறம் ஒரு காரியம் நடந்தது. கறுப்பு உடம்பில் செம்பழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. நூயி அதைச் சேறு என்று நினைத்து, சுமியை ஓடைக்கு இழுத்துப் போய்த் தேய்த்துக் குளிப்பாட்டினாள். சேறு போனது, கோடு போகவில்லை. மறுபடி தேய்த்தாள். கோடுகள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. கிஹாச்சி பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்த மலை நாய்கள் எல்லாமே அப்படித்தான், பிறக்கும்போது கறுப்பு, வளர்ந்தால் புலி என்றான். ஏன் அப்படி என்று நூயி கேட்டதற்கு, நாயையே கேள் என்றான்.

சுமிக்கும் அதே கேள்விதான். இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? தன்னை இப்படி ஆக்கியது யார்? அம்மா இருந்திருந்தால் அதனிடமே கேட்டிருக்கும். இல்லாததால் வழியில் கண்டவர்களையெல்லாம் கேட்டது. அந்தக் காட்டில் மரமும் கல்லும் பேசும். மனிதர் காதில்தான் அது விழாது.

தேவதாரு மரம், அதிலென்ன சந்தேகம், என் கிளைகளுக்கு நடுவே வெயில் விழுகிற விதத்தைப் பார், அதுதான் உன் கோடு என்றது. உன் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் என் நிழலில் படுத்துப் படுத்து அந்த வெயிலை உடம்பில் வாங்கிக்கொண்டார்கள் என்று கணக்குச் சொன்னது.

மலைமேல் மிச்சமிருந்த பனி அதை மறுத்தது. கோடு யாருக்கு வேண்டும், அடியில் பஞ்சும் மேலே முரட்டு முடியுமாக இரட்டைக் கம்பளி போர்த்தியிருக்கிறாயே, அது என் குளிருக்குப் பயந்து வந்தது என்றது. பாறை தன் பங்குக்குச் சுமியின் பின்னங்கால்களைக் காட்டியது. சரிவில் ஏறி, சாய்ந்த மரத்திலும் ஏறுகிற அந்தக் காலை உருட்டிச் செய்தது தான்தானாம்.

சுமி மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்தது. எல்லாரும் உண்மை பேசியது போலத்தான் இருந்தது. ஆனாலும் மனம் நிறையவில்லை. ஏனென்றால் அதற்குள் ஒரு குணம் இருந்தது; அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியாள் யார் வந்தாலும் சுமி வாலாட்டாது. குரைத்துக் கூட்டம் சேர்க்காது. தள்ளி உட்கார்ந்து, பூனை மாதிரி முன்னங்காலை நக்கிக்கொண்டே, வந்தவரைக் கவனிக்கும். பக்கத்து வீட்டுத் தொமெகிச்சி கருவாட்டுத் துண்டை நீட்டி எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறான். அது அவன் கைக்கு எட்டாத இடத்தில்தான் நிற்கும். கிஹாச்சி ஒருவன் கூப்பிட்டால் மட்டும் ஓடி வரும்.

அடுத்த வருஷம் மூங்கில் குருத்துவிடும் பருவம் வந்தது. வீட்டுக்கு மேலே இருந்த மூங்கில் தோப்பில் யாரோ குருத்துகளைத் தோண்டித் தின்றிருந்தார்கள். குளம்புத் தடத்தைப் பார்த்ததும் காட்டுப்பன்றி என்று கிஹாச்சிக்குத் தெரிந்துவிட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சுமியோடு மேலே போனான். முந்தின நாள் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. ஓடைக்கரை விளிம்பில் கால் வைத்தபோது விளிம்பே பெயர்ந்து அவனோடு கீழே போனது. துப்பாக்கி ஒரு பக்கம் விழுந்தது, அவன் ஒரு பக்கம் விழுந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே கோணலாக மடங்கிக் கிடந்தது.

அவன் விழுந்த இடம் பொல்லாத இடம். ஒரு பக்கம் புல் குவித்த படுக்கையில் பன்றிக்குட்டிகள் இருந்தன. மறுபக்கம் தண்ணீர் குடித்துவிட்டுத் தாய்ப்பன்றி திரும்பி வந்துகொண்டிருந்தது. மனிதன் நடுவில் கிடந்தான்.

தாய்ப்பன்றி பிடரி மயிர் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. சுமி சரிவில் தாவி இறங்கிக் குறுக்கே நின்றது. பன்றி இடது பக்கம் போனால் அதுவும் இடது பக்கம் போனது. வலது பக்கம் வந்தால் வலது பக்கம் வந்தது. பன்றி பாய்ந்தால் வழுக்கி விலகியது. பன்றி நின்றால் மறுபடி முன்னால் வந்து நின்றது. இப்படி நிற்கச் சுமிக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கால்களே செய்துகொண்டிருந்தன.

மூச்சு வாங்கப் பன்றி நின்ற நேரத்தில்தான் சுமி குட்டிகளைப் பார்த்தது. திகைத்துப் போனது. ஒவ்வொரு குட்டியின் முதுகிலும் கோடு, பழுப்புமேல் வெளுப்பாக, தலையிலிருந்து வால்வரை.

"இவர்களுக்கும் கோடு இருக்கிறதே. நீ எனக்கு என்ன உறவு?" என்று சுமி கேட்டது.

பன்றிக்குக் கோபத்திலும் அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. என் பிள்ளைகள் கோட்டோடு பிறந்து, ஓடத் தெரிந்ததும் அதை உதிர்த்துவிடுவார்கள், நீங்கள் கோடில்லாமல் பிறந்து பிறகு வாங்கிக்கொள்கிறீர்கள், உறவு அதில் இல்லை என்றது.

"பின்னே எதில் இருக்கிறது?"

"நீ இப்போது நிற்கிறாயே, அந்த இடத்தில். உங்கள் கூட்டத்தில் எங்களைக் கண்டு ஓடினவர்களுக்கு மனிதன் சோறு போடவில்லை. வீறாப்பாக மேலே வந்து விழுந்தவர்களை நாங்கள் கிழித்தோம். ஓடாமலும் விழாமலும் நின்றவர்கள்தான் குட்டி போட்டார்கள். அப்படி மிஞ்சியது நீ. உன்னை ஆக்கியது மரமும் பனியும் இல்லை. நாங்கள்."

சுமி குட்டிகளை இன்னொரு தடவை பார்த்தது. பிறகு, "என் அம்மாவைப் பார்த்திருக்கிறாயா?" என்றது.

"பார்த்தேன். நல்ல நாய். ஒரே ஒரு முழம் அதிகமாக நெருங்கிவிட்டாள். எங்கள் கூட்டத்துக் கிழவன் திரும்பினான். அவ்வளவுதான்."

சுமியின் தொண்டையில் ஒரு உறுமல் கிளம்பியது. உடம்பு முழுக்க முன்னால் போகத் துடித்தது. பாய்ந்து அந்தக் கழுத்தைக் கவ்வ வேண்டும் போலிருந்தது. பின்னால் கிஹாச்சி வலி தாளாமல் முனகினான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சுமியின் கால் நின்ற இடத்திலேயே ஊன்றிக்கொண்டது. பன்றி அதைக் கவனித்தது.

கரை பெயர்ந்த சத்தம் கீழே கேட்டிருந்தது. நூயியும் தொமெகிச்சியும் மேலே ஓடி வந்தார்கள். தொமெகிச்சி கையில் அவன் வீட்டுத் துப்பாக்கி. விளிம்பில் முட்டி போட்டு உட்கார்ந்து குறி பார்த்தான். பன்றிக்கு நேர் குறுக்கே சுமி நின்றது. அவன் அதை விலகச் சொல்லி அதட்டினான். அவன் பேச்சை அது என்றைக்குக் கேட்டது?

"சுடாதே தொமே," என்றான் கீழே கிடந்த கிஹாச்சி. "நாய்மேல் படும். அது பார்த்துக்கொள்ளும், விடு."

தொமெகிச்சி நூயியைப் பார்த்தான். புருஷன் உயிர் ஒரு நாயின் காலடியில் இருக்கிறது.  ஆனாலும் அவள் கையை நீட்டித் துப்பாக்கிக் குழலைக் கீழே தாழ்த்தினாள்.

குழல் தாழ்ந்ததைப் பன்றியும் பார்த்தது, சுமியும் பார்த்தது. சுமி மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. கிஹாச்சியை மறைத்தபடியே, குட்டிகள் இருந்த பக்கம் ஒரு வழி விட்டது. பன்றி அந்த வழியாகப் படுக்கைக்குப் போய்க் குட்டிகளை மூக்கால் தள்ளி எழுப்பியது. கடைசிக் குட்டி சுமியின் மூக்குக்கு முன்னாலேயே குடுகுடுவென்று ஓடியது. சுமிக்கு வாயில் எச்சில் ஊறியது. அது அசையவில்லை.

புதருக்குள் நுழையுமுன் பன்றி திரும்பிப் பார்த்தது.

"உன் ஆளுக்குக் கால் தேறினதும் வருவாய், இல்லையா?"

"வருவேன்," என்றது சுமி.

"நன்றாகத் துரத்து. தாட்சண்யம் பார்க்காதே. எங்களால் நீ ஆனது போல, என் பிள்ளைகள் ஆக வேண்டியது உன்னால்."

கிஹாச்சியைக் கதவுப் பலகையில் படுக்க வைத்து இறக்கினார்கள். வழியெல்லாம் தொமெகிச்சிக்கு ஆச்சரியம் ஆறவில்லை. பன்றியைக் கடிக்கவே இல்லையே, இதெல்லாம் ஒரு வேட்டைநாயா என்று கேட்டான். கடித்திருந்தால் நாய் செத்திருக்கும், ஓடியிருந்தால் நான் செத்திருப்பேன் என்றான் கிஹாச்சி.  வீட்டுக்கு வந்ததும் நூயி ஒரு கிண்ணம் சோற்றில் மீன்குழம்பை ஊற்றி, அன்று முதல் தடவையாகச் சுமிக்கு வீட்டுக்குள் வைத்தாள்.

முறிந்த கால் எலும்பு ஒட்ட மழைக்காலமும் இலையுதிர் காலமும் ஆயின. முதல் பனி விழுந்த காலையில் கிஹாச்சி கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். தோட்டத்து ஓரத்தில் பனிமேல் புதுக் குளம்புத் தடங்கள் வரிசையாகத் தோப்பை நோக்கிப் போயிருந்தன. பெரியது ஒன்று; அதைச் சுற்றி நடுத்தரமாகச் சில. சுமி தடத்தை முகர்ந்தது. அப்புறம் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது.

"போ," என்றான் கிஹாச்சி.

சுமி நன்றாகவே துரத்தியது.