பொலிகிடாய்

"எங்க ஊர்ல ஆம்பளைன்னு ஒருத்தன் இல்லை தாயி!"

வந்ததும் வராததுமாக இருளப்பன் கத்தினான்.

கரட்டுக் கோயிலில் தங்கியிருந்த துறவி வெள்ளையம்மா அவனை உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

"நாளைக்குக் காலையில பண்ணையார் என் கிணத்தை வளைச்சு வேலி போடப்போறாராம். அது போச்சுன்னா ஆடும் போச்சு, என் குடும்பமும் போச்சு. வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேன். ஒருத்தனாவது எந்திரிச்சு வரணுமே! குனிஞ்ச தலை நிமிராம கஞ்சி குடிக்கிறானுங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டான். அந்த அழுகையில் துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

வெள்ளையம்மா எழுந்து சரிவில் இறங்கினாள். அங்கேதான் அவன் ஆடுகளை அடைத்திருந்தான். அவள் பட்டியின் வாசலை அடைத்திருந்த படலைத் தூக்கி ஓரமாகப் போட்டாள்.

ஆடுகள் பார்த்தன. படுத்தபடியே அசைபோட்டன.

இருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆட்டுப் பேச்சு வந்துவிட்டால் அவனுக்குச் சொந்தக் கவலைகூட மறந்துபோகும்.

"படலே வேண்டாம் தாயி. ஒண்ணும் வெளியே போகாது."

"பழக்கினியா?"

"பழக்குறதென்ன, பிறக்கும்போதே அப்படித்தான். முட்டுற கிடா, வேலி தாண்டுற கிடா எதையும் நாங்க விட்டுவைக்கிறதில்லை. கோயில் கொடைக்கு முதல் வெட்டு அதுக்குத்தான். சாதுவானதாப் பார்த்து இனம் பெருக்கப் பொலிகிடாயா விடுவோம். பாட்டன் காலத்துல இருந்து இதே வழக்கம்தான். அதான் குட்டிங்களும் சாதுவாப் பிறக்குது."

பெருமையாகத்தான் சொன்னான்.

"உங்க ஊர்ல பண்ணையாரை எதிர்த்து நின்னவங்களே கிடையாதா?"

இருளப்பனின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒருத்தன் இருந்தான். என் தம்பி செங்கான். கூலியைக் கூட்டிக் கொடுத்தாத்தான் வயல்ல இறங்குவோம்னு ஊரையே உட்காரவச்சுட்டான்."

"இப்போ எங்கே?"

"பண்ணையார் ஆளுங்க களத்துல கட்டிவச்சு அடிச்சாங்க. உசிரு நிக்கலை. பாவம், கல்யாணம்கூட ஆகலை."

"அத்தனை பேர்ல அவன்தான் தூண்டிவிட்டான்னு பண்ணையாருக்கு யார் சொன்னது?"

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் சொன்னேன். சொல்லலேன்னா குடிசையை எல்லாம் கொளுத்திடுவோம்னாங்க. ஊர் அமைதியா இருக்கட்டும்னுதான் தாயி சொன்னேன்."

"அமைதியாத்தானே இருக்கு" என்றாள் வெள்ளையம்மா.