கீரி அண்ணாச்சியும் எதிர்க்கடைக் கூட்டமும்

குளக்கரை நாவல் மரத்தடியில் ஒரு கீரி கடை போட்டிருந்தது. கடையில் ஒரே சாமான்தான். பாட்டு கேட்கிற சின்ன பிளேயர்! நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். கழுத்தில் மாட்டலாம், கொம்பில் கட்டலாம், வாலில்கூடச் சுற்றிக்கொள்ளலாம். இயர்போனைக் காதில் செருகிவிட்டால் உலகமே மறந்துபோகும்.

எல்லோரும் கீரியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். எருமை பிளேயரைக் கொம்பில் கட்டிக்கொண்டு சேற்றில் கண்ணை மூடிக் கிடக்கும். வாரம் ஒன்றைச் சேற்றில் தொலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வரும். தூக்கணாங்குருவி பாட்டு கேட்டால்தான் கூடு பின்னும். எறும்புகள் வரிசையின் தலைமாட்டில் ஒரு பிளேயரைத் தூக்கிக்கொண்டு, தாளம் தப்பாமல் தினை சுமக்கும்.

அங்கே வெள்ளிக்கிழமைதோறும் சந்தை. யானைதான் சந்தைத் தலைவர். அந்தச் சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு சந்தைகளில் ஒரு சாமானும் விற்காத கடை, தன் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நாவல் மரத்தடிதான் சந்தையிலேயே குளிர்ந்த நிழல். அதன்மேல் பல பேருக்குக் கண்!

ஒரு வெள்ளிக்கிழமை, எதிரே இருந்த மொட்டைப் பாறையில் காகம் ஒன்று கடை விரித்தது. ஒரு குரல்தான் கொடுத்தது. சொந்தபந்தம் மொத்தமும் வந்து இறங்கியது. நான்கு காகங்கள் சேர்ந்து ஒன்று என்று, ஆளுக்கொரு மூலையைக் கவ்விக்கொண்டு, பளபளவென்று பலகை பலகையாகத் தூக்கி வந்தன!

"டேப்! டேப்லெட்! டவுன் சாமான்!" என்று காகம் கத்தியது. "பாட்டு பாடும்! படம் ஓடும்! போட்டோ பிடிக்கும்! ஒரு கூடை இலந்தைப்பழம் கொடுத்தா போதும்! அண்ணாச்சி டப்பாவுக்கும் இதே விலைதான், யோசிச்சுக்குங்க!"

முதலில் ஓடியது மான். இதை யாரும் மறந்துவிட வேண்டாம். முந்தின வாரம்வரை அண்ணாச்சி கடையில் ஓசியில் பாட்டு கேட்டதும் அதே மான்தான்!

பிறகு ஒரே கூத்து! மான் தன்னைத்தானே போட்டோ பிடித்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றியது. கரடி தேனீ படம் போட்டுப் பார்த்து, டேப்பையே நக்கியது. மயில் தன் ஆட்டத்தைத் தானே பார்த்து, "அடி ஆத்தீ! நானா இது?" என்று மயங்கி விழுந்தது. குரங்குக் கூட்டம் ஒரே டேப்பைப் பார்க்க ஒரே கிளையில் ஏறியது. கிளை முறிந்தது. கீழே விழுந்த பிறகும் ஒரு குரங்குகூடப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை!

கீரி கடைக்குள்ளிருந்து எட்டி எட்டிப் பார்த்தது.

"என்ன அண்ணாச்சி, ஈ ஓட்டுறீங்களா?" என்று காகம் பாறையிலிருந்து கேட்டது. "இல்ல, ஈயும் இங்கதான் வந்துருச்சா?"

"போடா கருவாயா!" என்றது கீரி. 

எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. கீரி விறுவிறுவென்று நாவல் மரத்தில் ஏறியது. உச்சிக் கிளையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தது.

கீழே எருமை வந்து நின்றது. "அண்ணாச்சி! ஒரு பிளேயர் கொடுங்க. போன வாரத்தது சேத்துல போயிருச்சு."

"சும்மா இருப்பா! முப்பத்தாறு, முப்பத்தேழு... இந்தக் குரங்குங்க ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே!"

"அண்ணாச்சி, நான் வாங்கத்தான் வந்திருக்கேன்!"

"எங்கே வாங்குறாங்க? எல்லாரும் அங்கதான் வாங்குறாங்க! எத்தனை பேருன்னு பாரு! ஐயோ, முயலும் போகுது!"

எருமை சிறிது நேரம் அசை போட்டது. மேலே பார்த்தது. மறுபடி அசை போட்டது. பிறகு நடையைக் கட்டியது. தூக்கணாங்குருவி வந்தது. கடையில் ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பறந்தது. எறும்பு வரிசை வந்து, கடையை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே திரும்பியது.

சாயங்காலம் யானை வந்தது. "என்னப்பா அண்ணாச்சி, இன்னிக்கு ஒண்ணும் விக்கலையாமே? அடுத்த சந்தையிலயும் இப்படின்னா, எனக்கு வேற வழியில்ல. இடத்தைக் காகம் கேக்குது."

"டேப் வந்துருச்சுங்க ஐயா! இனிமே என் டப்பாவை யார் வாங்குவா?" என்று கீரி மூக்கை உறிஞ்சியது.

"வாங்க வந்தவங்ககிட்ட கேட்டியா?"

கீரி எங்கே கேட்டது? அது நேராக மரங்கொத்தியிடம் ஓடியது. "தம்பி! காக்கா கடையில எல்லாம் பலகை பலகையா இருக்கு. ஜனங்களுக்குப் பலகைதான் பிடிச்சிருக்கு. என் டப்பா ஒவ்வொண்ணையும் ஒரு பலகையில வச்சு அடிச்சுக் கொடு!"

"எதுக்கு அண்ணாச்சி?"

"பெருசாத் தெரியணும்டா!"

மரங்கொத்திக்கு வேலை கிடைத்தால் போதும். டக்! டக்! டக்! அத்தனை பிளேயரும் பலாப் பலகையின் நடுவில் பதிந்து உட்கார்ந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் டேப் மாதிரியே இருந்தது. கிட்டே வந்து பார்த்தால் பலகையில் ஒட்டிய நெல்லிக்காய் மாதிரி இருந்தது.

அடுத்த சந்தையில் எருமைதான் முதலில் வந்தது. கீரி ஒரு பலகையைத் தூக்கி அதன் கொம்பில் கட்டியது. எருமையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலையோடு உடம்பும் சாய்ந்தது. தொப்பென்று விழுந்து நாலு காலும் வானத்தைப் பார்த்தன!

"படம் ஓடுமா இதுல?" என்று விழுந்தபடியே எருமை கேட்டது.

"ஓடாது."

"அப்ப பலகை எதுக்கு?"

கீரி கொம்பிலிருந்து பலகையை அவிழ்க்க ஆரம்பித்தது.

தூக்கணாங்குருவி பலகையைப் பார்த்ததும் நாலடி தள்ளிப் போனது. "இதை மாட்டிக்கிட்டு நான் கூட்டுக்குப் போனா, கூடு கீழ போகும் அண்ணாச்சி! அதுக்கும் கீழ நான் போவேன்!"

எதிரே காக்கைக் கூட்டம் சிரித்த சிரிப்பில் குளத்துத் தவளைகள் எல்லாம் பயந்து முங்கின. "அண்ணாச்சி! அந்தப் பலகையில மாவு பிசையலாமா?" என்று ஒரு காக்கைக் குஞ்சு கேட்டது. அதை அதன் அம்மா கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

அன்றும் ஒன்றும் விற்கவில்லை. நாவல் மரத்தடி காகத்துக்குப் போனது. கீரிக்குச் சந்தைக் கோடியில், கறையான் புற்றோரம் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. தலைக்கு மேல் ஓர் இலைகூடக் கிடையாது. கீரி பலகைகளைப் புற்றின்மேல் சாய்த்துவிட்டு, வெறுத்துப் போய் வளைக்குள் சுருண்டது. வாரம் முழுக்க அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் சந்தை வந்தது. கீரி வளையிலிருந்து தலையை நீட்டியது. நாவல் மரத்தடியில் பெருங்கூட்டம்! மறுபடியும் பழைய அரிப்பு வந்துவிட்டது. "இன்னிக்கு எத்தனை பேருன்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடியது. எண்ணுவதற்கு வசதியாகக் கூட்டத்தின் வாலில் போய் நின்றது.

முன்னால் எருமை நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தது. "அட, அண்ணாச்சி! நீங்களும் வரிசையிலயா? என்ன வாங்கப் போறீங்க?"

"நான் எண்ண வந்தேன். நீ டேப் வாங்கவா?"

"டேப்பா? சேத்துல கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்கிறவனுக்குப் படம் எதுக்கு? சின்ன பிளேயருக்குத்தான் நிக்கிறேன். எப்பவும் இந்த மரத்தடியிலதானே கிடைக்கும்? கால் தானா இங்க வந்துருச்சு."

"எனக்கும் அதான்!" என்றது தூக்கணாங்குருவி. "ரெண்டு கண்ணும் நார் மேல இருக்கணும். படம் பார்த்துக்கிட்டே பின்னினா வாசல் வைக்க மறந்துடுவேன்!"

"நாங்களும்! நாங்களும்!" என்றது காலடியில் எறும்பு வரிசை. "டேப்பைத் தூக்கினா அதுக்கே ஆள் சரியாப் போகும். தினையை யார் தூக்குறது?"

முன்னால் காகம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. "சின்னது இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது! டேப் வாங்குறவங்க மட்டும் நில்லுங்க! வழியை மறைக்காதீங்க!"

கீரியின் வால் விறைத்து நின்றது. கூட்டம், கூட்டம் என்று இத்தனை நேரம் எண்ணியதில் பாதி தன் கூட்டம்!

"எல்லாரும் என் பின்னால வாங்க!" என்று கத்தியது. அடுத்த நொடியே தலையில் அடித்துக்கொண்டது. "ஐயையோ! எல்லாத்தையும் பலகையில அடிச்சு வச்சிருக்கேனே!"

எல்லோரும் புற்றை நோக்கி ஓடினார்கள். அங்கே பலகை ஒன்றுகூட இல்லை! புற்றைச் சுற்றிப் பிளேயர்கள் பளிச்சென்று சிதறிக் கிடந்தன. கறையான் தலைவி வயிற்றைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். "அண்ணாச்சி, பலாப் பலகை பிரமாதம்! நடுவுல இருந்த கொட்டைதான் பல்லுக்கு எட்டல. துப்பிட்டோம், கோவிச்சுக்காதீங்க!"

கீரி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது! எருமை கொம்பில் பிளேயரைக் கட்டிக்கொண்டு ஆடியது. புற்றே குலுங்கியது. எறும்புகள் வரிசையைக் கலைக்காமலேயே குதித்தன. இலந்தைப்பழம் கூடை கூடையாக வந்து இறங்கியது.

கடைசியாகக் காகம் பக்கவாட்டில் நடந்து நடந்து வந்தது. நெற்றியில் புடைப்பு.

"அண்ணாச்சி... ஒரு சின்ன பிளேயர்."

"உனக்கா? உன்கிட்டத்தான் படமெல்லாம் ஓடுதே!"

"படம் பார்த்துக்கிட்டே பறந்தேன். பனைமரம் எதிரே வந்தது தெரியல. சத்தம் போட்டுச் சொல்லாதீங்க, சொந்தக்காரங்க இருக்காங்க!"

கீரி சத்தம் போட்டுத்தான் சொன்னது. சந்தை முழுக்கக் கேட்டது. பழத்தை வாங்கிக்கொண்டு பிளேயரையும் கொடுத்தது.

பாறையில் விற்றதைப் போலவே காகம் நாவல் மரத்தடியிலும் டேப் விற்றது. கரடியும் மானும் குரங்குகளும் அங்கேதான் போயின. கீரியின் கடையிலும் வாரம் தவறாமல் விற்றது. ஆனால் அந்தக் குளிர்ந்த நிழல் மட்டும் கீரிக்குத் திரும்பவே இல்லை. உச்சி வெயிலில் மண்டை காயக் காயத்தான் அது வியாபாரம் செய்ய வேண்டியிருந்தது.

எதிர்க்கடைக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பவன், தன் கடை வாசலில் நிற்பவனைத் தானே விரட்டிவிடுகிறான்.