ஒன்றுமில்லாத சேதி

“எனக்கு எப்பத்தான் சட்டை குடுப்பீங்க, டீச்சரம்மா?”

கேட்டவர் குழந்தைவேலு. வயது நாற்பத்தாறு.

டீச்சரம்மா என்றால் வான்மதி. வயது முப்பத்தொன்று. கையிலிருந்த பெட்டியில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“போட்டிருக்கீங்களேண்ணா ஒண்ணு. அது சட்டை இல்லீங்களா?”

குழந்தைவேலு கதவுக்குப் பின்னால் பார்த்தார். ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. பையில் வான்மதி கடையின் பேர் நூலால் தைத்திருந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

அவர் வந்து சேர்ந்த மறுநாளே அதை வாங்கி மாட்டிவிட்டாள். அவர் அளவுச் சட்டை. அதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வேறு யார் அளவிலாவது இருந்திருந்தால் இவ்வளவு ஏக்கம் வந்திருக்காது.

சட்டை கைக்கு வந்தால் வேலைக்காரர். வராதவரை பழகுகிறவர். அவ்வளவுதான் அந்தக் கடைச் சட்டம்.

உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர்க்கடை மாடியில் இருந்தது அந்தக் கடை. அங்கே செய்வதெல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகள். சாப்பாட்டு டப்பாவில் பாதி இருக்கும். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சிம்கார்டு, வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கம்பி. கிணற்றில் தொங்கவிட்டால் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும். பால் தொட்டியில் விட்டால் குளிர் எவ்வளவு என்று சொல்லும். இருந்த இடத்திலிருந்தே போனுக்குச் சொல்லும்.

குழந்தைவேலுவுக்கு இந்த ஊரில்லை. வேடசந்தூர்ப் பக்கம். இருபத்திரண்டு வருசம் நூல் மில்லில் ஃபிட்டர். மில்லைப் பூட்டினார்கள். எட்டு மாசம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அந்த எட்டு மாசமும் தினம் சாயங்காலம் அவர் மனைவி ராஜாமணி ஒரே கேள்விதான் கேட்பாள்.

“ஏதாச்சும் சேதி?”

குத்திக்காட்டிக் கேட்கமாட்டாள். காப்பி வேணுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்பாள். ஆனாலும் “இல்லை” என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் கசந்துவிட்டது.

வான்மதி கடையில் ஆட்களைப் பழக்குகிறார்கள், வயசு தடையில்லை என்று கேள்விப்பட்டுப் பையைத் தூக்கினார். பஸ் ஏறும்போது சொன்னார்:

“சேதின்னு ஒண்ணு கிடைச்சாத்தான் போன் போடுவேன். அதுவரைக்கும் எதிர்பார்க்காத.”

ராஜாமணி தலையை ஆட்டினாள். பஸ் கிளம்பிவிட்டது.

அது ஆவணி மாசம். இப்போது ஐப்பசி.

தினமும் மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டு வந்து மாடிப்படியில் உட்காருவார். போனை எடுப்பார். வீட்டு நம்பரை ஒவ்வொன்றாக அழுத்துவார். ஒன்பது எண் வரைக்கும் போவார். பத்தாவதில் விரல் நின்றுவிடும்.

என்ன சொல்வது? சொல்ல ஒன்றுமில்லையே.

ஒன்பதையும் அழித்துவிட்டு மேலே போவார்.

வான்மதி இதை இரண்டு மூன்று தரம் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் கேட்டாள்.

“வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களாண்ணா?”

“நல்லா இருக்காங்க.”

“எப்படித் தெரியும்?”

“ஒண்ணுன்னா கூப்பிட்டிருப்பாங்கள்ல?”

வான்மதி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திருகாணியைத் தேடப் போய்விட்டாள்.

இப்போது சட்டை கேட்டாரே, அன்றைக்குத்தான் திருகி முடித்த பெட்டியை அவர் கையில் வைத்தாள்.

“கரட்டுப்பாளையம் பால் சொசைட்டியில இதை மாட்டுங்க. பெரிய தொட்டி. பால் நாலு டிகிரியில இருக்கணும். ஏறிட்டா பெட்டி கத்தும். இது உங்க பொறுப்பு. தினம் சாயங்காலம் பால் எப்படி இருக்குன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்.”

“சொல்லிட்டாப் போச்சு.”

“சரியாச் சொன்னீங்கன்னா ஒண்ணாம் தேதி சட்டை.”

குழந்தைவேலு அன்று மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினார். முட்டிவலி ஞாபகமே இல்லை.

பெட்டியை மாட்டினார். போனைத் திறந்து பார்த்தார். பெட்டி பேச ஆரம்பித்திருந்தது.

*இருக்கேன்.*

பத்து நிமிசம் கழித்து மறுபடியும்.

*இருக்கேன்.*

அது வான்மதி எழுதி வைத்த வார்த்தை. மற்ற கடைகளின் பெட்டிகள் இதற்கு ஏதோ இங்கிலீஷில் சொல்லும். இவள் பெட்டிகள் மட்டும் இப்படி. பால் கெட்டால் ‘சூடு ஏறுது’ என்று சேதி வரும். கெடாத நேரத்தில் இது மட்டும்தான். காலையில், மத்தியானம், சாப்பிடும்போது, குளிக்கும்போது, ஒரு நாளைக்கு நூற்று நாற்பத்துநாலு தரம்.

*இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.*

மூன்றாம் நாள் அவருக்குச் சலித்துவிட்டது.

“டீச்சரம்மா, இது என்ன பேச்சு? பாலைப் பத்தி ஒரு சேதியும் இல்ல. கடமைக்கு ‘இருக்கேன், இருக்கேன்’னுட்டுக் கிடக்கு. இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான்தான மாட்டினேன்?”

“அப்படீங்களா?” என்றாள் வான்மதி.

“பேட்டரி வேற வீணாப் போகுது. இந்த வாயை அடைச்சா நாப்பது நாள் நிக்கிற பேட்டரி ஆறு மாசம் நிக்கும். நான் கணக்குப் பார்த்துட்டேன்.”

“கணக்கு சரிதானுங்.”

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. குழந்தைவேலு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பெட்டிக்குள் எழுதியிருந்த புரோகிராம் வரிகளில் ஒன்றை மட்டும் மாற்றினார். சொல்ல விசயம் இருந்தால் சொல்லு, இல்லையென்றால் சும்மா இரு. அவ்வளவுதான்.

போன் அமைதியாகிவிட்டது. மில்லில் நூறு மிஷின்களுக்கு நடுவில் நின்றவருக்கு அந்த அமைதி பெரிய சாதனையாகத் தெரிந்தது.

சாயங்காலம் போய்ச் சொன்னார்.

“பால் நல்லா இருக்குங்க, டீச்சரம்மா.”

“சரிங்ணா.”

மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். ஒண்ணாம் தேதி நெருங்க நெருங்கக் குரலும் தெம்பாக வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து ராஜாமணியிடம் எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டார். முதலில் சும்மா விசாரிப்பது. அவள் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது. அவள் “ஏதாச்சும் சேதி?” என்று கேட்கும்வரை விடுவது. அப்புறம் மெதுவாக, “நீலச் சட்டை எனக்கு எடுக்குமான்னு தெரியல” என்று ஆரம்பிப்பது.

நினைக்க நினைக்க அவருக்கே சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

ஒண்ணாம் தேதி வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படியச் சீவிக்கொண்டு காலையிலேயே போய் நின்றார்.

“கரட்டுப்பாளையத்துப் பால் எப்படிண்ணா இருக்கு?”

“அருமையா இருக்குங்க.”

“நேத்து?”

“நேத்தும்தான்.”

“போன வாரம்?”

“ஒரு குறையும் இல்லைங்க, டீச்சரம்மா.”

“எப்படித் தெரியும்?”

“ஒண்ணுன்னா கூப்பிட்டிருக்கும்ல?”

வான்மதி மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மேலே அவரே தன் கையால் எழுதி ஒட்டிய சீட்டு இருந்தது. ‘கரட்டுப்பாளையம்.’

பெட்டியின் முதுகு திறந்து கிடந்தது. பேட்டரி தனியே இருந்தது.

“கழட்டிட்டு வந்து ஒன்பது நாளாச்சுங்ணா,” என்றாள். “சொசைட்டியில சொல்லிட்டுத்தான் எடுத்தேன். அவங்க ரெண்டு வேளையும் கையாலயே பார்த்துக்கிறாங்க. பாலுக்கு ஒண்ணும் ஆகலை.”

குழந்தைவேலு பெட்டியைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். ஒன்பது நாளும் சாயங்காலம் சாயங்காலம் வந்து நின்று, இந்த மேஜைக்கு முன்னாலேயே, இந்த இழுப்பறைக்கு முன்னாலேயே...

காதுமடல் சுட்டது.

“நீங்க கழட்டினது எனக்குத் தெரியவே இல்லைங்களே.”

“எப்படித் தெரியும்? நல்லா இருக்கிறப்பவும் பேசாது. செத்துப்போனாலும் பேசாது.”



“அது கத்தலை, அதனால நல்லா இருக்குன்னு...” என்று ஆரம்பித்தார் குழந்தைவேலு. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இதே வார்த்தையை இதே வாயால் வேறு எதற்கோ சொல்லியிருக்கிறோமே என்று தோன்றியது. இந்தக் கடையில்தான் சொன்னோம். இவளிடம்தான் சொன்னோம்.

எதற்குச் சொன்னோம் என்பது கொஞ்சம் கழித்து ஞாபகம் வந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வான்மதி ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

குடித்துவிட்டுக் கேட்டார்.

“சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாதப்போ, அது என்னத்தத்தான் சொல்லும், டீச்சரம்மா?”

“அதைத்தானுங்ணா நீங்க அழிச்சது.”

குழந்தைவேலு எழுந்தார். பெட்டிக்குள் தான் மாற்றிய வரியைத் தேடிப் பிடித்துப் பழையபடி எழுதினார். பேட்டரியைப் போட்டு முதுகை மூடினார். பச்சை விளக்கு ஒரு தரம் மின்னியது.

“மாட்டிட்டு வந்துடுறேன்,” என்றார்.

“போயிட்டு வாங்க.”

கதவைத் திறந்தபோது நீலச் சட்டை அவர் தோளில் உரசியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கரட்டுப்பாளையம் பஸ் வர இன்னும் நேரமிருந்தது. நிழற்குடையில் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். போனை எடுத்தார்.

ஒன்பது எண் அழுத்தினார்.

பத்தாவதை அழுத்தினார்.

மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எடுக்கவில்லை. நான்கு, ஐந்து. ஆறாவது மணிக்குள் அவர் என்னென்னவோ நினைத்துவிட்டார். அடுப்பு, மழை, ஆஸ்பத்திரி என்று எங்கெங்கோ மனசு போய்விட்டது.

எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மிதித்துக்கொண்டே எடுத்திருக்கிறாள்.

“யாரு?”

“நான்தான்.”

மிஷின் சத்தம் நின்றது.

“வேலை கிடைச்சிருச்சா?”

“இல்ல.”

“உடம்புக்கு ஏதாச்சும்...”

“அதெல்லாம் நல்லா இருக்கு.”

“திரும்பி வரப் போறீங்களா?”

“இல்ல. இன்னும் பழகணும். ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“பிறகு என்ன சேதி?”

“சேதி ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாம எதுக்குக் கூப்பிட்டீங்க?”

அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மடியில் இருந்த பெட்டி மின்னியது.

“இருக்கேன்,” என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“நீயாவது ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம்ல?” என்றார்.

“கூப்பிட்டா, சேதி இல்லைன்னு உங்க வாயால சொல்ல வச்ச மாதிரி ஆயிரும். வேண்டாம்னு விட்டுட்டேன்.”

மூக்கை உறிஞ்சினாள். பிறகு பேசினாள்.

“போன மாசம் பழனி பஸ் கண்டக்டர்கிட்டக் கேட்டேன். உடுமலைப்பேட்டையில எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு. அந்த ஆளு சிரிச்சிட்டாரு. யாரும்மா அந்த எல்லாரும்னாரு.”



பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

“இருக்கீங்களா?” என்றாள் ராஜாமணி.

“இருக்கேன்.”

“சரி. நாளைக்கும் இதையே சொல்லுங்க.”