குளவி அவிழ்க்காத தோல்வார்

மரம் மட்டை, பூச்சி பொட்டு எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குளவிக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. தலையிலிருந்து வால்வரை ஒரே பருமன், நாவற்பழம் மாதிரி. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

செவந்தி என்று ஒரு குளவி இருந்தாள். பாறையில் மண்கூடு கட்டி முட்டையிடுவாள். மழை வரும், கூடு கரையும், முட்டையும் போய்விடும். மூன்று வருஷம் அழுது பார்த்தாள். நாலாம் வருஷம் அழவில்லை. முட்டை வயிற்றில் இருக்கும்போதே கறையான்களின் கொத்தர் சங்கத்துக்குக் கிளம்பிவிட்டாள். மழையில் கரையாத மண் குழைக்கும் ரகசியம் அவர்களிடம்தான் இருந்தது.

அது லேசுப்பட்ட சங்கமா என்ன! கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து கதவை மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே மூன்று படிகள். முதல் படியில் மூலை பார்க்கும் மூலைமட்டம், இரண்டாவதில் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு, மூன்றாவதில் வட்டம் போடும் கவராயம். ஒவ்வொன்றையும் வைத்து வேலை செய்து காட்டினால்தான் அடுத்த படி. ரகசியம் கடைசியில்தான் கிடைக்கும்.

செவந்தி தட்டினாள். காவலுக்கு இருந்த மரங்கொத்தி குரல் கொடுத்தது.

"யாரது?"

"செவந்தி. மண்வேலை செய்றவ."

"எதுக்கு வந்தே?"

"எம் பிள்ளைங்க பொழைக்கணும்."

கதவு திறந்தது. தலைமைக் கறையான் வெள்ளையம்மா வெள்ளை ஆட்டுத்தோல் வார் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதை இடுப்பில கட்டிக்கோ. மூணாம் படி ஏறுறவரைக்கும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தா அடுத்த வருஷம் முதல்லேருந்து வரணும், சரியா?"

"சரிம்மா."

முதல் படியும் இரண்டாம் படியும் சிரமமில்லாமல் ஏறிவிட்டாள். மூன்றாவதுக்கு வெளியே பாறைமேல் குடம்போல உருண்டையாக ஒரு கூடு கட்ட வேண்டும். மண் எடுக்கக் குளத்தில் இறங்கியபோது தோல்வார் நனைந்து நழுவியது. செவந்தி அதை இன்னும் இறுக்கி முடிச்சுப் போட்டாள். அங்கேதான் வந்தது வினை. ஈரத்தோல் காயும்போது சுருங்கும் என்பது மண்வேலைக்காரிக்கு எப்படித் தெரியும்?

பாறையில் வெயில் ஏற ஏற வார் இறுகியது. செவந்திக்கு மூச்சு முட்டியது. மரங்கொத்தி பதறிப்போய்ப் பறந்து வந்தது.

"அடிப்பாவி, ரெண்டு துண்டாப் போயிடுவே! ஒரு கொத்து கொத்துறேன், வார் அறுந்துடும். அடுத்த வருஷம் வந்துக்கலாம்."

"அடுத்த வருஷம் நான் வருவேன். இந்த முட்டைங்க வருமா?" என்றாள் செவந்தி. "தள்ளுண்ணே, வட்டம் கோணிடும்."

கிழக்கே மேகம் கறுத்தது. அவள் நிமிரவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உருண்டை உருண்டையாக மண் வைத்தாள். கடைசி உருண்டை வைத்ததும் வெள்ளையம்மா கவராயத்தால் கூட்டின் வாயை அளந்தாள். பிறகு செவந்தியின் காதோரம் குனிந்தாள்.

"தண்ணி மட்டும் போதாதுடி. உன் எச்சிலையும் சேர்த்துக் குழை."

அவ்வளவுதான் ரகசியம்! செவந்தி எச்சில் சேர்த்துக் குழைத்த மண்ணைக் கூட்டின்மேல் பூசி, முட்டையிட்டு, வாயை மூடினாள். அதற்குப் பிறகுதான் மரங்கொத்தியை வாரை அறுக்கவிட்டாள். இடுப்பு நூலாகியிருந்தது. தடவித் தடவி விட்டார்கள், பழையபடி பருக்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை. கொட்டுகிற மழையில் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடு கரையவில்லை.

இதையெல்லாம் ஒளிந்திருந்து பார்த்துத்தான் மனிதர்களும் ஃப்ரீமேசன் என்று கொத்தர் பெயரில் ஒரு ரகசியச் சங்கம் வைத்து, வெள்ளைத்தோல் கட்டி, மூன்று படி ஏறுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மழை விட்டபிறகு கூடு திறந்தது. வெளியே வந்த பிள்ளைகள் அத்தனைக்கும் நூல் இடுப்பு. மரங்கொத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "செவந்தி, உன் பிள்ளைங்க மூணாம் படி ஏறிட்டே பொறந்திருக்குதுங்க!"

குளவிக்கு இடை சிறுத்ததும், அது கட்டும் மண்கூடு மழைக்குக் கரையாமல் நிற்பதும் அன்று முதல்தான்.