ஏழாம் தூணின் க்யூப்

குருவைத் தேடுகிறவர்கள் வழக்கமாக மலையேறுவார்கள். சந்தனராஜ் கழிமுகத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகைக்குப் போனார். வாசலில் ‘தரக்கட்டுப்பாடு’ என்று ஒரு பலகை தொங்கியது. உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓர் அமுக்கு இயந்திரம், பேச்சியம்மாள்.

துறைமுகத்துக்குப் போகும் அந்தப் புதுப் பாலத்துக்கு சந்தனராஜ்தான் திட்ட மேலாளர். ஐம்பத்திரண்டு வயது, நான்கு நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர். பேச்சியம்மாள் சோதனைக்கூட உதவியாளர். சந்தனராஜைவிட ஆறு வயது மூத்தவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒருவரை ஒருவர் குரு என்றோ சீடன் என்றோ அவர்கள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. சந்தனராஜ் ‘அக்கா’ என்பார், பேச்சியம்மாள் ‘சார்’ என்பார். ஆனால் தலை சுற்றும் நேரத்தில் சந்தனராஜுக்குப் போகத் தோன்றுகிற இடம் அந்தக் கொட்டகை ஒன்றுதான்.

அன்று தலை நன்றாகவே சுற்றியது. காரணம் ஏழாம் தூண்.

கான்கிரீட் வேலை எதுவானாலும் அதற்கு ஒரு சாட்சி உண்டு. தூணுக்கு ஊற்றும் கலவையிலேயே கொஞ்சம் எடுத்து, அரை அடி இரும்புப் பெட்டிகளில் அடைத்து, இறுகியதும் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். சைட்டில் அதற்கு க்யூப் என்று பெயர். இருபத்தெட்டாம் நாள் அதை இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். க்யூப் எவ்வளவு தாங்குகிறதோ, தூணும் அவ்வளவு தாங்கும் என்று கொள்வது வழக்கம்.

இயந்திரத்தின் கணக்கில் ஏழாம் தூணின் க்யூப் நாற்பத்தைந்து வரை தாங்கியிருக்க வேண்டும். நசுக்கிய மூன்று க்யூப்பும் முப்பத்தொன்றிலேயே நொறுங்கிவிட்டன. மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தத் தூணின் மேல் தொண்ணூறு டன் கர்டரை, அதாவது பாலத்தைத் தாங்கும் உத்தரத்தை, கிரேன் இறக்குவதாக ஏற்பாடு. அதைப் பிடித்து இடத்தில் உட்கார வைக்க, தூணின் உச்சியில் பதினோரு பேர் நிற்பார்கள்.

சந்தனராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புலம்பத் தொடங்கினார். ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்தது, இப்போது அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. நான்கு மாநிலத்து ஆட்கள், ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் புரியவில்லை. வேலை பழகியவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவதில்லை. சிமெண்ட் ஒரு விலை, கம்பி ஒரு விலை, மாசி மாதத்தில் அடைமழை. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் தலைமை அலுவலகத்துக்கு இந்தப் பாலம் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி பச்சையாகும் வரை ஃபோன் ஓயாது. துபாயில் இருந்தபோதும் இதே கதைதான், மலேசியாவிலும் இதே கதைதான். உலகத்தில் எவனும் சொன்ன தேதிக்கு ஒரு பாலம் கட்டி முடித்ததாகத் தெரியவில்லை. ஏழாம் தூணை இடித்துத் திரும்பக் கட்டினால் மூன்று மாதம் போகும், தன் வேலையும் கூடவே போகும்.

 பேச்சியம்மாள் டீயை ஆற்றிக் கொடுத்தார்.

“எல்லாம் நெசந்தான் சார்,” என்றார். “அன்னைக்குக் கலவையில தண்ணி ஊத்தினது யாரு?”

சந்தனராஜுக்கு அது தெரியாது. அன்று மழை. கலவை லாரிகள் துறைமுகச் சாலையில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டன. வந்து சேர்ந்தபோது கலவை இறுகிப் போயிருந்தது. யாரோ குழாயைத் திறந்து இளக்கியிருக்கிறார்கள்; தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலு குறையும். யார் என்று அவர் விசாரிக்கவில்லை. எப்படியாவது இன்றைக்கே ஊற்றி முடியுங்கள் என்று ஃபோனில் கத்தியது அவர்தான்.

தண்ணீர் என்றதும் அவர் மனம் வேறெங்கோ போய்விட்டது. இருபத்தேழு வருடத்துக்கு முன் மேற்கு மலையடிவாரத்தில் ஒரு கால்வாய்ப் பாலம். இளம் எஞ்சினீயராக அவருக்கு அது முதல் வேலை, இரண்டாவது வாரம். கலவை தள்ள முடியவில்லை என்று ஆட்கள் முனகியதும், பெரிய மனது பண்ணி இரண்டு குடம் தண்ணீர் அதிகமாக ஊற்றச் சொன்னார். வரிசையில் சட்டி சுமந்து வந்த சித்தாள் ஒருத்தி பாதி வழியில் நின்றாள். சட்டியை இறக்கி வைத்தாள்.

“சார், சட்டி தலையில தளும்புது,” என்றாள். “கான்கிரீட்டு தளும்பாது சார்.”

அதுதான் பேச்சியம்மாள். படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம், அந்தத் தலை ஒரு பக்கம். ஊற்றியதை முழுவதும் அன்று அள்ளி வெளியே போட்டார்கள். சந்தனராஜும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மண்வெட்டி பிடித்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். பிறகு எல்லோருமாகக் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார்கள். எத்தனையோ நட்சத்திர ஹோட்டல்களில் சாப்பிட்டுவிட்டார், அந்த ருசி பிறகு கிடைக்கவேயில்லை.

மறுநாள் புதிதாக ஊற்றிவிட்டு இருபத்தெட்டு நாள் காத்திருந்தார்கள். அப்போதெல்லாம் இருபத்தெட்டு நாள் என்றால் இருபத்தெட்டு நாள்தான். தூண் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. மேற்பார்வையாளர் ஊருக்குப் போய்த் தங்கை கல்யாணத்தை நடத்திவிட்டு வந்தார். மற்றவர்கள் புளிய மர நிழலில் சீட்டாடினார்கள். தலைமைப் பொறியாளர் கேட்டு எழுதினால், இன்னும் இறுகவில்லை என்று பதில் போவதோடு சரி. யாருக்கும் சீட்டுக் கிழியவில்லை.  

“அந்தப் பாலம் இன்னும் இருக்கா அக்கா?”

“போன வருசம்கூட அதுமேலதான் பஸ்ஸுல போனேன்.”

 சந்தனராஜ் வந்த காரியத்தைச் சொன்னார். சொல்லும்போது பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழாம் தூண் ஊற்றிய அதே வாரத்தில் கர்டருக்கும் கான்கிரீட் போட்டிருந்தார்கள். அது உசத்தியான கலவை. அதன் க்யூப்புகளில் நான்கு உபரியாகத் தொட்டியில் கிடந்தன. கர்டர் எண்ணைச் சுரண்டிவிட்டு ஏழாம் தூண் என்று எழுதி நசுக்கினால் முடிந்தது வேலை. முதல் சோதனையில் கை தவறிவிட்டது, மறுசோதனை செய்தோம் என்று அறிக்கை கொடுத்துவிடலாம். ஊர் உலகத்தில் நடக்காததா என்று கேட்டார்.

பேச்சியம்மாள் மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தார். மறுத்தால் கோபித்துக்கொள்ள ஒரு பேச்சையும் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் பேச்சியம்மாள் எழுந்து போய்த் தொட்டிக்குள் கைவிட்டு நான்கு க்யூப்புகளையும் எடுத்தார். துணியால் ஈரத்தைத் துடைத்தார். பழைய எண்ணை உப்புத்தாளால் தேய்த்து அழித்தார். பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்து சந்தனராஜின் கையில் கொடுத்தார்.

“நம்பர மட்டும் நீங்க எழுதிருங்க சார்.”

“நீங்களே எழுதலாமே அக்கா.”

“எனக்குக் கை வராது சார்.”

எழுதினார். நான்கிலும் எழுதினார். ஏழு ஒவ்வொன்றும் கோணலாகத்தான் வந்தது. பெயிண்ட் காய்ந்ததும் பேச்சியம்மாள் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்து நசுக்கினார். அறுபது, அறுபத்திரண்டு, ஐம்பத்தொன்பது. மூன்று போதும் என்பது விதி. நான்காவதை ஓரமாக எடுத்து வைத்தார். எண்களைத் தாளில் எழுதி நீட்டினார். ஏழாம் தூண் என்று தலைப்பிட்டு, சோதித்தவர் என்ற இடத்தையும் சேர்த்து, சந்தனராஜே கையெழுத்துப் போட்டார். சாயந்திரமே தலைமை அலுவலகத் திரையில் புள்ளி பச்சையாகிவிட்டது. சபாஷ் என்று செய்தி வந்தது. அக்காவுக்கு வயதாகிவிட்டது, நல்லவேளை பிரச்சனை பண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு ஏனோ இனிக்கவில்லை.

காலை ஏழே முக்காலுக்கு ஏழாம் தூணின் அடியில் எல்லாம் தயார். கர்டர் டிரெய்லரில் கிடந்தது, கிரேனின் இரும்புக் கயிறுகள் அதன் இரு முனைகளையும் பற்றியிருந்தன. பதினோரு பேரும் ஏணி வழியாக மேலே ஏறினார்கள். கடைசியாக ஏறியவன் கீழே பார்த்துக் கையசைத்தான். ஒடிசாக்காரன், வாரம் மூன்று முறை பார்க்கிற முகம். சந்தனராஜும் கையசைத்தார்.

அப்போது பேச்சியம்மாள் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்தார். கூடை கனமாக இருந்ததால் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். கிரேனுக்கும் தூணுக்கும் நடுவில் கொஞ்சம் மண்ணைக் காலால் நிரவினார். மிச்சமிருந்த க்யூப்பை எடுத்து அங்கே வைத்தார். ஆடாமல் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார். மேல்முகத்தில் கோணலான ஏழு தெரிந்தது.

என்ன செய்கிறீர்கள் என்று சந்தனராஜ் கேட்க வாயெடுத்தார். அதற்குள் வாக்கி-டாக்கி கரகரத்தது. கர்டரைத் தூக்கலாமா, எங்கே இறக்க வேண்டும் என்று கிரேன் ஓட்டுநர் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

சந்தனராஜ் மேலே பார்த்தார். பதினோரு பேர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டுநர் மறுபடியும் கேட்டார்.

பேச்சியம்மாள் மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“இதுமேல இறக்கச் சொல்லுங்க சார்,” என்றார். “இதுதானே பாஸாச்சு.”