குழுவில் இடம் கிடைக்காத ஆள்காட்டி

மருதங்காட்டு ஏரிக்கரையில் விலங்குகளின் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. செம்பன் என்ற கீரி அதன் துணைவேந்தர். சில நாட்களாகச் செம்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதருக்குள் போகும், வெளியே வரும், எதையோ மறந்ததுபோல மறுபடியும் உள்ளே ஓடும்.

மலையிலிருந்து யானைகள் தரம் பார்க்க வரப்போகின்றன. அவை சான்று கொடுத்தால்தான் மற்றக் காடுகளிலிருந்து குட்டிகள் படிக்க வரும். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தை மூட வேண்டியதுதான். அதற்கு முன் தன் நிறைகுறைகளைத் தானே ஆராய்ந்து சொல்லப் பல்கலைக்கழகம் ஒரு குழுவை அமைக்க வேண்டும்.

"குழுவில் யாரைப் போடலாம்?" என்று பதிவாளரான புனுகுப்பூனையிடம் செம்பன் கேட்டது.

"மயில் பார்க்க லட்சணமாக இருக்கும். கிளி கோர்வையாகப் பேசும். முயல் எதற்கும் தலையாட்டும். இவர்கள் போதும், ஐயா."

"ஆள்காட்டிப் பறவை காத்தாயி? நம்மிடம் ரொம்ப நாளாகப் பாடம் நடத்துகிறாரே."

"அந்த அம்மாவா? எறும்பு ஊர்ந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். யானைகள் முன்னால் நம் மானம் போய்விடும்."

செம்பனுக்கும் அதே பயம்தான். காத்தாயியை விட்டுவிட்டது.

அன்று மாலையே காத்தாயி வந்து நின்றது. "ஐயா, குழுவில் எனக்கு இடம் வேண்டாம். ஆனால் கிழக்குக் கரையை ஒருமுறை பாருங்கள். நண்டுகள் அடியில் குடைந்துவிட்டன. குட்டிகளுக்கு அங்கேதான் வகுப்பு."

"குழுவிடம் சொல்கிறேன்" என்றது செம்பன்.

சொல்லவும் செய்தது. "பார்த்தோம் ஐயா. புல் பச்சைப் பசேலென்று இருக்கிறது" என்றது கிளி. மயில் ஆமோதித்தது. முயல் தலையாட்டியது.

செம்பனுக்கு மனம் ஒப்பவில்லை. தானே பார்த்துவிடலாம் என்று கிளம்பியது. பாதி வழியில் கால் தயங்கியது. உண்மையிலேயே கரை குடைந்து கிடந்தால் என்ன செய்வது? யானைகள் வேறு நெருங்கிவிட்டனவே! பார்க்காமலே திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகு தூக்கமும் போயிற்று.

யானைகள் வந்தன. குழு எழுதியதைப் படித்துத் தலையசைத்தன. "வகுப்பைப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, மூத்த யானை கிழக்குக் கரைக்கு நடந்தது. செம்பன் எச்சரிக்காமல் பின்னாலேயே போனது.

யானை கரையில் ஏறும்போது மேலே காத்தாயி வட்டமிட்டு அலறியது. "மண் சரிகிறது! குட்டிகளே, மேட்டுக்கு ஓடுங்கள்!"

குட்டிகள் சிதறி ஓடின. கரை பொலபொலவென்று சரிந்தது. கடைசியாக ஓடிய மான்குட்டி மண்ணோடு ஏரியில் விழுந்தது. மூத்த யானை சேற்றில் இறங்கித் துதிக்கையால் அதைத் தூக்கியது. உயிர் இருந்தது. பின்னங்கால் ஒடிந்திருந்தது.

"கரை இப்படி இருப்பது உங்களுக்குத் தெரியாதா?" என்று யானை கேட்டது.

"குழுவைக் கேட்டேன். யாரும் சொல்லவில்லை."

"குழுவை அமைத்தது யார்?"

செம்பன் மான்குட்டியின் காலைப் பார்த்தது. "நான்தான். காத்தாயி முன்பே சொன்னார். கேட்டால் எங்கே சான்று போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்."

"இந்த ஆண்டு சான்று இல்லை. உங்களை நீங்களே சரியாகப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு யானைகள் மலையேறின.

மான்குட்டிக்குக் கட்டுப் போட்டதும் செம்பன் நேரே காத்தாயியிடம் போனது. "புதுக் குழுவுக்கு நீங்கள்தான் தலைமை தாங்க வேண்டும்."

"நான் சொல்லும் முதல் குறை உங்களைப் பற்றித்தான் இருக்கும், ஐயா."

"சொல்லுங்கள்."

காத்தாயி சொல்லத் தொடங்கியது. ஒன்றையும் மறைக்கவில்லை. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது செம்பனுக்கு. ஆனாலும் உட்கார்ந்து கடைசிவரை கேட்டது.

தன் குறையை அறிய விரும்புகிறவர், தனக்குத் தலையாட்டுபவர்களை விட்டு, தன்னிடமே குறை சொல்லத் துணிந்தவர்களைத் துணைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.